மணல் ஈயின் குடல் பாக்டீரியாவைப் பிரித்தெடுப்பது எப்படி?

மணல் ஈயை அறுத்து, குடலை நசுக்கி அகாரில் (பாக்டீரியாவை வளர்க்கும் கூழில்) பூசினால் மறுநாள் ஏதாவது ஒன்று கட்டாயம் முளைத்திருக்கும். அது குடலுக்குள் இருந்ததா, ஈயின் மேல் மயிரில் ஒட்டியிருந்ததா, உங்கள் ஊசியிலிருந்து வந்ததா என்று அடித்துச் சொல்ல முடிய வேண்டும். இந்த வேலையில் முக்கால் பங்கு அதுதான். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்விடும். மணல் ஈ பரப்பும் கருங்காய்ச்சலை (காலா அசார்) உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணி அப்படிப் போவதில்லை. இரத்தத்தோடு ஈக்குள் வந்து, குடலிலேயே பெருகி, உருமாறி, அடுத்த கடியின்போது வாய் வழியாக வெளியேறுகிறது. அதாவது ஈக்குள் இருக்கும் காலம் முழுக்க அதற்குப் பாக்டீரியாவோடுதான் குடித்தனம். 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், லுட்சோமையா லாங்கிபால்பிஸ் என்ற இன மணல் ஈக்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குலைத்தபோது, லீஷ்மேனியாவால் தொற்றக்கூடிய நிலைக்கு வளர முடியவில்லை. மறுபக்கம், செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா லீஷ்மேனியாவின் உயிரணுவையே உடைத்துவிடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒரே குடலில் துணையும் இருக்கிறது, பகையும் இருக்கிறது. எது எது என்று தெரிந்தால் ஈக்குள்ளேயே நோயை நிறுத்த வழி கிடைக்கும். அந்த நம்பிக்கையில்தான் இந்த வேலையைச் செய்கிறேன்.

முதலில் ஈ வேண்டும். பொழுது சாயும்போது ஒளிப்பொறியை வைத்து விடியற்காலையில் எடுங்கள். மணல் ஈயின் நீளம் பெரும்பாலும் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள் புகுந்து போய்விடும். அதனால் பொறியின் பை நெருக்கமான துணியாக இருக்கட்டும். உட்காரும்போது இறக்கையை வி வடிவத்தில் தூக்கி வைத்திருப்பதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். உயிரோடு கொண்டுவருவது முக்கியம். செத்த ஈயின் குடலில் சில பாக்டீரியா மட்டும் தாறுமாறாகப் பெருகிவிடும், அப்புறம் எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. ஈரப்பஞ்சும் குளிர்ச்சியான பெட்டியும் இருந்தால் போதும். வாயால் உறிஞ்சும் குழாய் பயன்படுத்தினால் நடுவில் வடிகட்டி இல்லாமல் உறிஞ்சாதீர்கள்.

ஈக்களைக் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டுமானால் சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம். அதைக் கிருமிநீக்கம் செய்துதான் கொடுக்க வேண்டும். கரைசலில் இருப்பதெல்லாம் குடலுக்குள் போகும். மணல் ஈ ஆராய்ச்சியில் சர்க்கரைக்குப் பெரிய இடம் உண்டு. இரத்தம் மட்டுமே குடித்த ஈக்கள் நோயைக் கடத்தும் முன்பே செத்துக்கொண்டிருந்தன. இரத்தத்துக்குப் பிறகு உலர்திராட்சை கொடுத்த பிறகுதான் அவை நீடித்து வாழ்ந்தன, ஒட்டுண்ணியும் குடலில் அடர்ந்து பெருகியது. அதன் பிறகே, 1942இல், ஃபிளபோடோமஸ் அர்ஜென்டிப்ஸ் என்ற மணல் ஈ கடித்து மனிதருக்குக் கருங்காய்ச்சல் வரும் என்று சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் நிரூபித்தார்கள்.

இரத்தம் குடிப்பது பெண் ஈ மட்டும்தான், அதனால் பெண் ஈக்களைத் தனியே பிரியுங்கள். ஒவ்வொன்றின் வயிற்றையும் பார்த்து எழுதிவையுங்கள்: காலி வயிறா, புது இரத்தமா, பாதி செரித்ததா, முட்டை நிறைந்ததா. இதை விட்டுவிட்டால் பிறகு எந்த ஒப்பீடும் செய்ய முடியாது. இரத்தம் குடித்ததும் பாக்டீரியா எண்ணிக்கை ஏறும். செரித்து மலம் கழித்த பிறகு இறங்கும்.

அடுத்தது கழுவுதல். ஈயைப் பனிக்கட்டி மேல் வைத்து மயங்க வையுங்கள். உடம்பெல்லாம் மயிர், அதற்கு நடுவில் காற்று தங்கும். நேரே ஆல்கஹாலில் போட்டால் எல்லா இடத்திலும் படாது. சோப்புக் கரைசல் ஒரு துளி கலந்த கிருமிநீக்கிய நீரில் முதலில் ஆட்டி, மயிரை நன்றாக நனையவிடுங்கள். பிறகு 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம், அதற்குப் பிறகு கிருமிநீக்கிய பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புநீர்) கரைசலில் மூன்று முறை அலசல். எத்தனாலில் அதிக நேரம் விட்டால் உடல் விறைத்து, இழுக்கும்போது குடல் அறுந்துவிடும். மூன்றாவது அலசல் நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதில் 100 மைக்ரோலிட்டரை ஒரு அகார் பிளேட்டில் பூசி, அந்த ஈயின் எண்ணையே அதற்கும் போடுங்கள். அதில் காலனி (பாக்டீரியாத் திட்டு) முளைத்தால் அந்த ஈயின் முடிவை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது அறுவை. சுத்தமான ஸ்லைடில் ஒரு துளி பிபிஎஸ், அதில் ஈ, மேலே ஸ்டீரியோ நுண்ணோக்கி. இரண்டு மெல்லிய ஊசிகளையும் தீயில் காட்டி ஆறவிட்டுக்கொள்ளுங்கள். தலையை முதலில் எடுத்து ஓரமாக வையுங்கள். இடது ஊசியால் மார்பை அழுத்திப் பிடித்து, வலது ஊசியால் வயிற்றின் கடைசி இரண்டு வளையங்களைத் தொட்டு, மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். கொஞ்சம் இழு, நிறுத்து, மறுபடி கொஞ்சம் இழு. முதலில் பின்குடல் வரும், அதோடு கழிவை நீக்கும் மால்பிஜியன் குழல்கள் மெல்லிய நூலாக விரியும், அதற்கு மேல் நடுக்குடல் கண்ணாடிக் குழாய் போல வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இரத்தம் குடித்த ஈயானால் அது கரும்பழுப்பாக உப்பியிருக்கும். அங்கே அவசரப்பட்டால் கிழிந்து எல்லாம் துளியில் கலந்துவிடும். நடுக்குடலை மட்டும் வெட்டி, புதுத் துளியில் ஒருமுறை அலசி, 100 மைக்ரோலிட்டர் பிபிஎஸ் உள்ள சிறு குழாய்க்கு மாற்றுங்கள். அடுத்த ஈக்கு முன் ஊசிகள் மறுபடி தீக்குப் போக வேண்டும்.

தலையையும் வயிற்று நுனியையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. தொண்டைப் பற்களும் பெண் ஈ விந்தைச் சேமித்து வைக்கும் பையின் வடிவமும் தெரிந்தால்தான் ஈ எந்த இனம் என்று சொல்ல முடியும். இனம் தெரியாத ஈயின் பாக்டீரியாவை வைத்து ஒன்றும் செய்வதற்கில்லை.

வெளியில் பிடித்த ஈயில் உயிருள்ள லீஷ்மேனியா இருக்கலாம். கையுறை கட்டாயம், ஊசிமுனை விரலைப் பார்த்து இருக்கவே கூடாது. வளரும் பாக்டீரியாவிலும் மனிதருக்குத் தொற்றக்கூடியவை உண்டு. இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு உள்ள ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள்.

குடலை நசுக்கிப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, பிஎச்ஐ (மூளை, இதயச் சாறு சேர்த்த) அகாரிலும் இரத்த அகாரிலும் பூசுங்கள். வழக்கம்போல 37 டிகிரியில் மட்டும் வைக்காதீர்கள். ஈக்கு அந்தச் சூடு கிடையாது. 28 டிகிரியில் ஒரு தொகுதி இருக்கட்டும், மெதுவாக வளர்பவற்றுக்காக ஐந்து நாள் வரை பார்க்கலாம். கூடவே மூன்று வெற்றுப் பிளேட்டுகள்: ஈயே இல்லாமல் ஊசி மட்டும் தொட்ட பிபிஎஸ் துளியைப் பூசியது, நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் திறந்து வைத்தது, எதுவுமே படாதது. ஒரு குடலில் இருக்கும் பாக்டீரியாவே கொஞ்சம்தான். வெளியிலிருந்து வரும் சிறு கலப்பும் முடிவைத் திருப்பிப் போட்டுவிடும்.

நிறம், ஓரம், பளபளப்பு பார்த்து வேறுபட்ட காலனிகளைத் தனித்தனியாக எடுத்து, தூய்மையாகும்வரை மறுபடி மறுபடி கோடிழுங்கள். அப்புறம் பாக்டீரியாவை வகை பிரிக்கும் கிராம் சாயம், எந்தப் பாக்டீரியா என்று காட்டும் 16எஸ் மரபணுவை 27எஃப், 1492ஆர் தொடக்கிகளால் (சிறு டிஎன்ஏ துண்டுகளால்) பிசிஆர் முறையில் பெருக்குதல், வரிசைப்படுத்தல். பேசில்லஸ், என்டெரோபாக்டர், பான்டோயா, ஓக்ரோபாக்ட்ரம் போன்றவை வரலாம். பலவும் மண்ணிலும் செடியிலும் இருப்பவையே. மணல் ஈயின் புழு மக்கும் பொருளைத் தின்று வளர்கிறது, ஈ செடிச்சாற்றைக் குடிக்கிறது, எனவே இதில் வியப்பில்லை. அதனால்தான் ஒருமுறை கண்டதை உடனே கூட்டுயிரி (ஈயோடு நிலையாகச் சேர்ந்து வாழ்வது) என்று எழுத நான் விடுவதில்லை. வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில் பிடித்த ஈக்களிலும் அது வர வேண்டும்.

அகாரில் வளராதவையும் உண்டு. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஈயின் உயிரணுவுக்குள்ளேயே வாழ்வது. அதற்கு அதன் டபிள்யூஎஸ்பி மரபணுவைத் தேடும் பிசிஆர்தான் வழி. மொத்தக் கூட்டத்தையும் பார்க்கக் குடலிலிருந்து நேரடியாக டிஎன்ஏ எடுக்கலாம். அப்போது ஈ இல்லாத ஒரு வெறும் குழாயையும் டிஎன்ஏ எடுக்கும் அதே கிட்டில் கடைசிவரை ஓட்டுங்கள். கிட்டின் திரவங்களிலேயே பாக்டீரியா டிஎன்ஏ இருக்கும்.

தூய வளர்ப்புகளை 20 சதவீத கிளிசராலில், மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். குழாயின் மேல் ஈயின் எண், இனம், வயிற்று நிலை, பிடித்த நாள், வளர்ந்த ஊடகம், வெப்பநிலை எல்லாம் இருக்கட்டும். ஒரு பாக்டீரியா லீஷ்மேனியாவுக்கு உதவுகிறதா என்று பிறகு சோதிக்கும்போது, நுண்ணுயிர்க்கொல்லியால் குடலைக் காலி செய்த ஈக்களுக்கு இந்தக் குழாயிலிருந்துதான் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த மருந்து நேரடியாக லீஷ்மேனியாவைத் தாக்கவில்லை என்பதை அதற்கு முன்பே தனி வளர்ப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.