டம்மியின் ராணிக்கு ஓசிப் பிடி போகாமல் தடுத்த 11 கணக்கு

மதுரை கே.கே. நகரில் நாங்கள் கூடும் பிரிட்ஜ் சீட்டாட்ட மேசையில், எங்கள் ஜோடி தடுத்தாடினால் எதிராளியின் 3 நோ டிரம்ப் (துருப்பு இல்லாமல் 9 பிடி, அதாவது 9 சுற்று, ஜெயிப்பதாகச் சொன்ன ஏலம்) ஒரே பிடியில் தப்பிக்கொண்டே இருந்தது. பார்ட்னருக்குச் சீட்டால் காட்டும் சிக்னலைத் தலைகீழாக்கினோம், பலனில்லை, ஓட்டை முதல் பிடியிலேயே இருந்தது. குட்டை ஜாதியில் (கையில் சீட்டு குறைவாக உள்ள இனத்தில்) லீட், அதாவது முதல் சீட்டு, போட்டுப் பார்த்தோம், ஏலத்தை எடுத்து ஆடும் டிக்ளேரருக்குக் கொண்டாட்டம்.

கடைசியில் கைகொடுத்தது 11 கணக்கு. பார்ட்னர் நீள ஜாதியில் மேலிருந்து நாலாவது சீட்டை இறக்கினால், அதன் எண்ணை 11-லிருந்து கழிக்க வேண்டும். அதைவிடப் பெரிய சீட்டுகள் மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து அத்தனைதான்.

இஸ்பேட் 7 வருகிறது. மிச்சம் 4. டம்மியில் (டிக்ளேரரின் ஜோடி மேசையில் விரித்துவைத்த கையில்) ராணி, 8, 3. என்னிடம் ராஜா, 10, 4. நாலும் கண்ணெதிரே! டிக்ளேரரிடம் 7-ஐ மிஞ்ச ஒன்றுமில்லை. டம்மி 3 போட்டால் 10 போதும். பிறகு ராஜா, அப்புறம் 4. ராணி பார்ட்னரின் ஏஸில் விழும், நாலு பிடியும் நமக்கே. ‘மூன்றாவது கை பெரிசு’ என்று ராஜாவைப் போட்டால் ராணி எழுந்துகொள்ளும்.

பலர் கவனிக்காதது: கணக்கு இடிக்கும்போதும் சேதி உண்டு. 9 வந்தால் மிச்சம் 2. டம்மியிலும் கையிலுமாக மூன்று பெரிய சீட்டு தெரிந்தால் அது நாலாவது சீட்டே அல்ல, உதவாத ஜாதியின் தலைச்சீட்டு. உடனே வேறு ஜாதிக்கு மாறலாம். 3, 4 வரும்போது மட்டும் இந்தக் கணக்கால் பெரிய லாபமில்லை.