ஆளுக்கொரு யூசர் கொடுத்தும் பூட்டாத கதவு

ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) வாங்கி அதில் கடைத் தளம், பள்ளித் தளம், வேர்ட்பிரஸ் வலைப்பதிவு என வரிசையாக ஏற்றுகிறோம். எல்லாவற்றுக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வரின் ரூட் லாகினையே, அதாவது எல்லா அனுமதியும் உள்ள கணக்கையே கொடுத்துவிட்டு, ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்கிறோம். அந்த அப்புறம் வருவதே இல்லை. வலைப்பதிவின் பழைய பிளகின் ஒன்றில் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை (தளத்தின் வழியே டேட்டாபேஸுக்குக் கள்ளக் கட்டளை அனுப்பும் வழி) இருந்தால் போதும், கடையின் ஆர்டர் விவரமும் சேர்ந்து போகும்.

தளத்துக்கு ஒரு டேட்டாபேஸ், அதற்கென ஒரு யூசர், தனி பாஸ்வேர்டு. இது பலருக்கும் தெரியும். நானும் அப்படிச் செய்துவிட்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். ஒருநாள் சந்தேகத்தில், வலைப்பதிவு ஓடும் லினக்ஸ் யூசராக மாறி, கடைத் தளத்தின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கான்ஃபிக் ஃபைலை, உள்ளே இருப்பதைத் திரையில் காட்டும் ‘கேட்’ கட்டளை அடித்துப் பார்த்தேன். பாஸ்வேர்டு பளிச்சென்று திரையில் வந்து நின்றது. எல்லாத் தளங்களின் பிஎச்பியும் ஒரே லினக்ஸ் யூசரின் பெயரில் ஓடினால், ஒரு தளத்துக்குள் நுழைந்தவன் மற்றவற்றின் சாவியையும் படித்துவிடுவான். டேட்டாபேஸில் பிரித்தது வீண். பிஎச்பி நிரல்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் தளத்துக்கு ஒரு பூல் (தனி ஓட்டக் குழு), அதற்குத் தனி லினக்ஸ் யூசர் வையுங்கள். கான்ஃபிக் ஃபைல் அந்த யூசருக்கே சொந்தமாக, 600 பெர்மிஷனில் (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) இருக்கட்டும்.

கான்ஃபிக்கைத் திருத்தும் முன் அதே ஃபோல்டரில் ‘.பேக்’ என்று நகல் எடுப்பதும் ஆபத்துதான். பெயர் பிஎச்பி என்று முடியாததால் வெப் சர்வர் அதை ஓட்டாது. கேட்பவருக்கு அப்படியே எழுத்தாகக் கொடுத்துவிடும்.

அடுத்தது அதிகம் பேர் கவனிக்காதது. யூசருக்கு அனுமதி தரும் கிராண்ட் கட்டளையில் டேட்டாபேஸ் பெயருக்குள் வரும் _ குறி, வழக்கமான அமைப்பில் எந்த ஓர் எழுத்துக்கும் பொருந்தும். கடை_1 என்று அனுமதி கொடுத்தால் கடை21 டேட்டாபேஸும் அதே யூசருக்குத் திறந்துகொள்ளும். _ குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் போட்டால் தீர்ந்தது.

வீட்டு லேப்டாப்பிலிருந்து டேபிளைப் பார்க்க ஆசைப்பட்டு, யூசரின் ஹோஸ்ட்டை % (எங்கிருந்தும் நுழையலாம்) ஆக்கி மைஎஸ்க்யூஎல்லின் 3306 போர்ட்டை ஊருக்கே திறந்துவைப்பவர்களும் உண்டு. சர்வருக்குப் பூட்டிய வழி போடும் எஸ்எஸ்எச் டனல் போதுமே! மைஎஸ்க்யூஎல் எந்த முகவரியில் கேட்கும் என்று சொல்லும் பைண்ட்-அட்ரஸ் 127.0.0.1 (அதே சர்வர் மட்டும்) என்றே இருக்கட்டும். அந்த % கணக்கையும் மறக்காமல் நீக்குங்கள். ஒரே பெயர்தான் என்றாலும் லோக்கல்ஹோஸ்ட்டும் % உம் இரண்டு வேறு கணக்குகள். ஒன்றின் பாஸ்வேர்டை மாற்றினால் மற்றொன்றில் பழையதே இருக்கும்.

ஒவ்வொரு யூசருக்கும், அவருக்கு உள்ள அனுமதிகளைக் காட்டும் ‘ஷோ கிராண்ட்ஸ்’ ஓட்டிப் பாருங்கள். *.* (எல்லா டேட்டாபேஸும்) என்ற வரியில் ‘யூசேஜ்’ என்று இருந்தால் பயம் வேண்டாம், சர்வர் முழுவதற்குமான எந்த அனுமதியும் இல்லை என்றே பொருள். தளத்தின் யூசருக்கு அதே வரியில் ‘ஆல் பிரிவிலேஜஸ்’ (எல்லா அனுமதியும்) அல்லது ‘ஃபைல்’ (சர்வரின் ஃபைல்களைப் படிக்க, எழுத அனுமதி) என்று தெரிந்தால், மற்ற வேலையை வைத்துவிட்டு முதலில் அதைப் பிடுங்குங்கள்.