கரண்ட் போகமுதல்: வளாகத்திலும் அறையிலும் செய்துவைக்க வேண்டியவை

இலங்கையில் 2022இல் எந்தக் குழுவுக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று அட்டவணை வந்தது. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுக்கச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. ஆயத்தம் இந்த இரண்டாவது வகைக்குத்தான் வேண்டும்.

வைஃபையில் தொடங்கலாம். றவுட்டருக்குக் கணினி யூபிஎஸ் மாட்டுவது வீண்செலவு. அது பற்றரியின் 12 வோல்ற்றை 230 ஆக்கும், அடப்டர் அதைத் திரும்ப 12 ஆக்கும். இரண்டு தரமும் சக்தி போகும், யூபிஎஸ் தானும் கொஞ்சம் தின்னும். றவுட்டரின் அடியில் ஒட்டியிருப்பதை வாசியுங்கள். 12 வோல்ற், 1 அம்பியர் என்றால் அதே அளவு தரும் சின்ன டிசி யூபிஎஸ் போதும். உள்ளே 12 வோல்ற், 7 அம்பியர்மணி ஈயப் பற்றரி என்றால் 84 வாற்மணி. பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே 42 என்று கணக்கு வையுங்கள். 8 வாற் றவுட்டருக்கு ஐந்து மணித்தியாலம். றவுட்டரில் செருகும் வயர் முனையின் நடுப்பகுதி நேர்முனையா (+) மறைமுனையா (−) என்று பார்த்துச் செருகுங்கள். மாறினால் றவுட்டர் பழுதாகலாம்.

20,000 மில்லியம்பியர்மணி பவர்பாங்க் 5,000 போனை நான்கு தரம் ஏற்றாது. அந்த எண் உள்ளிருக்கும் 3.7 வோல்ற் கலத்துக்கு உரியது. கையில் கிடைப்பது இரண்டரைத் தரம் அளவில். வெட்டு நீண்டால் கோபுரப் பற்றரியும் இறங்கி சிக்னல் விழும், பாடக்குறிப்புகளை முன்னமே இறக்கிவையுங்கள்.

கூரையில் சோலார் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பற்றரியில்லாத சாதாரண இணைப்பு, லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானாக நின்றுவிடும். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கொக்குவில் பக்கத்து அறைகளில் கிணற்று மோட்டர்தான் தண்ணீர். தாங்கியை இரவே நிரப்புங்கள்.

கரண்ட் போனபின் ஆய்வுகூட உறைகலனைத் திறக்கவே கூடாது. எந்தத் தட்டில் என்ன என்று கதவில் எழுதி ஒட்டினால் தேடித் திறக்க வேண்டி வராது. உள்ளே காலியான இடத்தில் பனிப் போத்தல்களை முன்னமே அடுக்குங்கள். சாதாரண பிறிஜ் மூடியிருந்தால் நாலு மணித்தியாலம் தாங்கும்.

ஜெனரேற்றரைக் கட்டடத்துக்குள் ஓட்டாதீர்கள், புகையில் வரும் நச்சுவாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. இரண்டு பக்கமும் பிளக் போட்ட வயரால் வீட்டு லைனுக்கு ஊட்டினால் வெளியே வேலைசெய்யும் லைன்மனுக்குக் கரண்ட் அடிக்கும். வெளி லைன், ஜெனரேற்றர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு இணைக்கும் சேஞ்சோவர் சுவிட்ச் கட்டாயம்.

கருவிகள் கெடுவது பெரும்பாலும் கரண்ட் திரும்பும்போதுதான். போனவுடன் ஏசி, மோட்டர், பிறிஜ் எல்லாவற்றையும் அணையுங்கள், ஒரு லைற்றை மட்டும் விட்டுவையுங்கள். அது மங்காமல் ஐந்து நிமிடம் எரிந்த பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். மும்முனை மோட்டர் சுற்றாமல் உறுமினால் ஒரு முனை வரவில்லை. சுருள் எரியமுதல் நிறுத்துங்கள்.