விப்லாஷ் கழுத்தடி: கைரோபிராக்டிக் போவதற்கு முன்னும் பின்னும்

ஈசிஆர் சாலையில் வேகத்தடையைக் கடைசி நொடியில் பார்த்து முன்னால் போகிற வண்டி பிரேக் போடும். பின்னால் வருகிறவர் வந்து முட்டுவார். தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி கீழக்கரை, சாயல்குடி வரை இது சாதாரணமாக நடக்கிறது. அடிபட்டவர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு "ஒண்ணும் இல்லண்ணே" என்று வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் காலையில் தலையைத் திருப்ப முடியாது. பின்மண்டையில் வலி, தோள்பட்டைக்கு நடுவில் இறுக்கம், சிலருக்குக் கிறுகிறுப்பும் இருக்கும். இதுதான் விப்லாஷ். இதற்காகக் கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் சரிசெய்யும் சிகிச்சைக்குப் போவதற்கு முன்னும் பின்னும் என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

பின்னாலிருந்து இடிக்கும்போது உடம்பு இருக்கையோடு முன்னே போகிறது. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை ஒரு கணம் அதே இடத்தில் நின்று, பிறகு வீசி எறியப்படுகிறது. கழுத்தெலும்புகள் ஏழையும் பிணைக்கும் தசைநார்களும் பின்பக்கச் சிறு மூட்டுகளும் அதில் இழுபடுகின்றன. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதற்காக வலி பொய் என்று ஆகிவிடாது.

படி 1: ஆபத்து இல்லை என்று உறுதி செய்யுங்கள்

இது முடியாமல் யாரும் கழுத்தில் கை வைக்கக் கூடாது. சுளுக்கு உருவுகிறவரும் சரி, பட்டம் வாங்கியவரும் சரி.

கை கால் மரத்துப்போவது, பிடி தளர்வது, கழுத்தின் நடு எலும்பைத் தொட்டாலே சுருக்கென்று வலிப்பது, பேச்சு குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது: இதில் எது இருந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான். கனடா ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஒரு விதியை மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். வயது 65 அல்லது அதற்கு மேல், மூன்றடியோ அதற்கு மேலோ உள்ள உயரத்திலிருந்து விழுந்தது போன்ற பலத்த அடி, கை கால்களில் மதமதப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலே படம் எடுக்க வேண்டும் என்கிறது அது. தென்னையிலிருந்து விழுந்தவர், பாலத்திலிருந்து தலைகுப்புறக் குதித்தவர் எல்லாம் இதில் அடக்கம்.

சாலையில் கிடப்பவரை நாலு பேர் கை காலைப் பிடித்துத் தூக்கி, தலை தொங்கத் தொங்க ஷேர் ஆட்டோவில் ஏற்றுவது நம் ஊர்ப் பழக்கம். நல்ல மனசுதான், ஆனால் எலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே முடக்கிவிடும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும் வரை தலையை அசையாமல் இரு கையாலும் தாங்கிப் பிடித்தால் போதும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அப்புறம், விபத்துப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியதா என்று பார்த்து வாருங்கள். காப்பீடு கேட்கும்போது முதலில் கேட்பது அந்த ஏ.ஆர். நகலைத்தான்.

படி 2: உங்கள் தரம் எது?

கியூபெக் குழு ஒன்று 1995-இல் விப்லாஷைத் தரம் பிரித்தது. வலியும் இறுக்கமும் மட்டும் என்றால் ஒன்று. கழுத்து திரும்பும் அளவு குறைந்து, தொட்டால் வலிக்கும் இடமும் இருந்தால் இரண்டு. நரம்பு பாதித்த அறிகுறி இருந்தால் மூன்று. எலும்பு முறிவோ விலகலோ நான்கு. இங்கே சொல்லும் பயிற்சி எல்லாம் முதல் இரண்டு தரத்துக்கு. மூன்றும் நான்கும் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

படி 3: முதல் வாரம்

கழுத்துப் பட்டை மாட்டிக்கொண்டு படுத்தே கிடப்பதைத்தான் பலரும் சிகிச்சை என்று நினைக்கிறார்கள். முறிவு இல்லை என்று தெரிந்த பிறகு பட்டை உதவாது. நாள் கணக்கில் மாட்டியிருந்தால் தசை சோம்பிப்போய் இறுக்கம்தான் கூடும்.

மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள், வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி நடுவுக்கு வாருங்கள். பிறகு வலப்பக்கம். பக்கத்துக்குப் பத்து முறை, விழித்திருக்கும் நேரத்தில் ஓரிரு மணிக்கு ஒரு தடவை. வலி கொஞ்சம் இருக்கும், அதில் தவறில்லை. செய்து முடித்து அரை மணி ஆன பிறகும் வலி கூடிக்கொண்டே போனால் திருப்பும் அளவைக் குறையுங்கள்.

ஒத்தடம் சூடா, ஐஸா? எது இதமாக இருக்கிறதோ அது, 15 நிமிடம். மீன் பெட்டி ஐஸைச் சுலபமாக வாங்கிவிடலாம் என்றாலும் துண்டில் சுற்றாமல் தோலில் வைக்காதீர்கள். மாத்திரை மருத்துவர் சொல்வதுபடி.

படி 4: கைரோபிராக்டிக்

1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் ஊரில் டி.டி. பால்மர் தொடங்கிய முறை இது. முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் சரிசெய்வதுதான் அடிப்படை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கழுத்தைத் திருப்பி நொடியில் சின்னதாக ஒரு வெட்டு கொடுப்பது, 'டக்' என்று சத்தம் வரும். இன்னொன்று, மூட்டை மெல்ல மெல்ல ஒரே தாளத்தில் அசைத்துக் கொடுப்பது.

அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் இல்லை. மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது. சத்தம் வராவிட்டால் காசு வீண் என்று நினைக்க வேண்டாம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட புதிதில் வெட்டு கொடுக்கும் வகை வேண்டாம். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் மெதுவாக அசைக்கும் முறையே போதும் என்கிறபோது அந்த அபாயத்தை ஏன் ஏற்க வேண்டும்? தலையில் 'ஒய் ஸ்ட்ராப்' என்கிற பட்டையை மாட்டி வெடுக்கென்று இழுக்கும் வீடியோவைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். முடிவெட்டி முடித்ததும் சலூனில் கழுத்தைச் சொடக்கிவிடுவார்களே, அடிபட்ட கழுத்துக்கு அதுவும் கூடவே கூடாது.

இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்குத் தனிக் கவுன்சில் கிடையாது. போர்டு மாட்டியவர் என்ன படித்தார் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். கரையோர ஊர்களில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவர் பிசியோதெரபிஸ்ட். அது நல்லதுதான். முதல் நாளே கேளுங்கள்: "சார், கழுத்தை வெட்டித் திருப்புவீங்களா, மெதுவா அசைப்பீங்களா? வீட்டில் செய்ய என்ன பயிற்சி தருவீங்க?" இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் மாதக்கணக்கில் சிட்டிங்குக்கு முன்பணம் கேட்டால் வேறு இடம் பாருங்கள். கை வைத்தியம் மட்டும் தரும் சுகம் கொஞ்ச நாளில் கரைந்துவிடும். பயிற்சியோடு சேரும்போதுதான் நிற்கிறது.

படி 5: தலையாட்டல் பயிற்சி

கழுத்தின் முன்பக்க உள்தசைகள் விப்லாஷில் வேலைநிறுத்தம் செய்துவிடும். அவற்றை எழுப்பத்தான் இது.

மல்லாந்து படுங்கள், முழங்கால் மடங்கியிருக்கட்டும். தலைக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வையுங்கள். யாரோ கேட்டதற்கு "ஆமாம்" என்று சின்னதாகத் தலையாட்டுவது போல, தாடையை மட்டும் தொண்டைப் பக்கம் கொண்டு வாருங்கள். தலை தரையை விட்டு எழவே கூடாது. பின்மண்டை துண்டின் மேல் லேசாக வழுக்கினால் சரியாகச் செய்கிறீர்கள். இரண்டு விரலைக் காதுக்குக் கீழிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் தசையின் மேல் வையுங்கள். அது கயிறு மாதிரி விறைத்தால் பலம் அதிகம், பாதியாகக் குறையுங்கள். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள், மூச்சை அடக்காதீர்கள். ஐந்து முறையில் தொடங்கிப் பத்துக்குப் போகலாம்.

பார்க்க ஒன்றுமில்லாத பயிற்சி. அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

இது வசப்பட்டதும், நெற்றியில் உள்ளங்கை வைத்து லேசாகத் தள்ளி, தலை அசையாமல் எதிர்த்துப் பிடிப்பது. பக்கவாட்டிலும் பின்னாலும் அதேபோல. கூடவே தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து இறக்கிப் பிடிப்பது. கிறுகிறுப்பு உள்ளவர்கள் கட்டைவிரலை முன்னே நீட்டி, பார்வையை அதிலேயே வைத்துத் தலையை மட்டும் மெல்லத் திருப்பிப் பழகுங்கள்.

படி 6: வேலைக்குத் திரும்புவது

பைக்கை எடுக்கும் முன் இரு பக்கமும் பின்னால் திரும்பிப் பார்க்க முடிகிறதா என்று சோதியுங்கள். முடியாவிட்டால் ஓட்டக் கூடாது. கரைவலை இழுப்பவர்கள் முதலில் கயிறு சுருட்டும் வேலைக்குப் போகட்டும். அலையில் தூக்கித் தூக்கிப் போடும் நாட்டுப்படகு கடைசியில். தலையில் மீன் கூடையோ தண்ணீர்க் குடமோ வைக்கிற பெண்கள், கழுத்து முழுதாகத் திரும்பி, வலியும் நன்றாகக் குறையும் வரை இடுப்பிலோ தள்ளுவண்டியிலோ கொண்டு போகலாம். பாசி எடுக்கவும் சங்கு குளிக்கவும் போகிறவர்கள் தலைகீழாகப் பாயும் வேலையை மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

பெரும்பாலானவர்களுக்கு முதல் மூன்று மாதத்துக்குள் நல்ல முன்னேற்றம் தெரியும். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றம் இல்லை, தூக்கம் கெடுகிறது, வண்டிச் சத்தம் கேட்டாலே படபடக்கிறது என்றால் மருத்துவரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயமும் தூக்கமின்மையும் கழுத்து வலியைப் பிடித்து வைக்கும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை உயரத்துக்கு வருமாறு தூக்கி வையுங்கள், பின்மண்டைக்கு நெருக்கமாக. ராமேஸ்வரம் போகிற வாடகைக் கார்களில் அது பெரும்பாலும் கடைசி வரை அமுக்கியே இருக்கும். ஏறியதும் கையை நீட்டித் தூக்கிவிடுங்கள்.