மறுசுழற்சித் தார்ச்சாலை: மிச்சமான எரிபொருள் எங்கே வீணாகிறது?

பழைய சாலையின் மேலேயே தார் போட்டுப் போட்டு, தெருமட்டம் வாசற்படிக்கு மேல் ஏறிவிட்ட ஊர்கள் நம்மிடம் நிறைய. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. அப்படிச் சுரண்டிய கலவையில் நல்ல ஜல்லியும், எடையில் சுமார் 4 முதல் 5% தாரும் இருக்கும். அதைத் திரும்பப் பயன்படுத்தினால் கல்குவாரிக்கும் கச்சா எண்ணெய்க்கும் தேவை குறையும். அந்த நன்மை பெரும்பாலும் தார்க்கலவை தயாரிக்கும் பிளான்ட் வளாகத்திலேயே கைநழுவிப் போகிறது.

முதல் தவறு, சுரண்டிய கலவைக் குவியலை மழையில் நனைய விடுவது. ஒரு டன் கலவையில் 5% ஈரம் என்றால் 50 லிட்டர் தண்ணீர். அதைச் சூடாக்கி ஆவியாக்கவே ஏறக்குறைய மூன்றரை லிட்டர் டீசலின் வெப்பம் வேண்டும். காய்ந்த ஜல்லியை 160 டிகிரிக்குக் கொண்டுபோகும் வெப்பத்தைவிட இது அதிகம். மேலே கூரை, கீழே தண்ணீர் வடியும் சரிவான தளம், இரண்டும் அவசியம். குவியலோடு ஒட்டித் தார்ப்பாய் போர்த்தக் கூடாது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும்.

பழைய கலவையைப் பர்னர் சுடரில் படவிட்டால் தார் கருகி நீலப்புகை கிளம்பும். காற்றும் கெடும், தாரும் கெடும். புது ஜல்லியை மட்டும் அதிகமாகச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே பழையதை இளக்க வேண்டும். பல சாலைகளில் சுரண்டியதை ஒரே குவியலாகக் கொட்டுவதும் தவறுதான். லோடுக்கு லோடு தாரின் அளவு மாறிவிடும்.

பழைய தார் வெயிலிலும் காற்றிலும் இறுகிப்போனது. 15% வரை கலந்தால் வழக்கமான தாரே பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போனால் வழக்கமான விஜி-30 ரகத் தாருக்குப் பதில் விஜி-10 போன்ற இளகிய தாரோ, இளக்கும் சேர்மமோ தேவை. இதை விட்டுவிட்டால் சாலை சீக்கிரமே வெடிப்பு விடும்.

வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டில் தயாரிக்கும் வார்ம் மிக்ஸ் கலவை 20 முதல் 40 டிகிரி வரை மிச்சப்படுத்தும். ஆனால் அந்தக் குறைந்த சூட்டில் ஈர ஜல்லி முழுதாகக் காயாது. தார் சரியாக ஒட்டாமல் மழைக்காலத்தில் கல் பெயரும். ஒட்டுசக்திக்கு நீர்த்த சுண்ணாம்பு 1 முதல் 1.5% சேர்க்கலாம். ஈர வலிமைச் சோதனையில், நனைத்த மாதிரியின் வலிமை நனைக்காத மாதிரியின் வலிமையில் 80%க்குக் கீழே இருந்தால் அந்தக் கலவையைச் சாலைக்கு அனுப்பவே கூடாது. பாதி ஆயுளில் பெயர்த்து மறுபடி போடும் சாலைக்கு இரண்டு சாலைக்கான புகை ஆகிறது.

தார்க்கலவையில் பிளாஸ்டிக் கழிவு சேர்ப்பவர்கள் பிவிசி வகையை அறவே நீக்க வேண்டும். சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும்.

தினமும் காலையில் குவியலின் பல இடங்களிலிருந்து மொத்தம் ஒரு கிலோ எடுத்து, 110 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்திப் பாருங்கள். 1000 கிராம் 955 ஆனால், போன 45 கிராமை உலர்ந்த எடையான 955-ஆல் வகுக்க, ஈரம் 4.7%. அந்த எண்ணைப் பார்த்த பிறகே பர்னரைப் பற்ற வையுங்கள்.