வெளிநாட்டில் பணம் கட்ட எந்த வழி மலிவு? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

வெளிநாட்டில் ஒரே கடையில் ஒரே பொருளை வாங்கும் இரண்டு பேருக்கு, அவரவர் கணக்கிலிருந்து போகும் தொகை ஒன்றாக இருக்காது. விலை ஒன்றுதான், பணம் மாறும் வழிதான் வேறு. எந்த வழியில் எவ்வளவு கூடுதலாகப் போகும் என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடலாம். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும்.

படி 1: அளவுகோலைக் குறித்துக்கொள்ளுங்கள்

இரண்டு நாணயங்களின் பெயரையும் இணையத்தில் தேடினால் ஒரு விகிதம் வரும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பதால் அதை மைய விகிதம் என்பார்கள். அந்த விலைக்கே நமக்குப் பணம் மாறுவது அரிது. ஆனாலும் மற்ற வழிகளை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

படி 2: கார்டின் கட்டண அட்டவணையைப் படியுங்கள்

கார்டில் இரண்டு விஷயங்கள் சேர்கின்றன. ஒன்று, விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் போடும் விகிதம். இது பெரும்பாலும் மைய விகிதத்தை ஒட்டியே இருக்கும். இரண்டு நிறுவனங்களின் இணையதளத்திலும் இதற்கான கால்குலேட்டர் இருக்கிறது. இன்னொன்று, அதன் மேல் உங்கள் வங்கி வைக்கும் ஃபாரெக்ஸ் மார்க்அப், அதாவது நாணயத்தை மாற்றுவதற்கான கூடுதல் கட்டணம். பல கார்டுகளில் இது 2 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கும்; சில கார்டுகளில் அறவே கிடையாது.

மார்க்அப் இல்லை என்றதும் அந்தக் கார்டை வாங்கிவிடாதீர்கள். ஆண்டுக் கட்டணம் 1,000 என்றால், 3.5 சதவீதத்தை மிச்சப்படுத்தி அதை ஈடுகட்டவே சுமார் 28,600-க்குச் செலவு செய்ய வேண்டும். ஒரே ஒரு சின்னப் பயணத்துக்கு அது கட்டாது.

படி 3: ஒரு பொருளை வைத்துக் கணக்குப் போடுங்கள்

வெளிநாட்டுப் பணம் 1-க்கு நம் பணம் 10 என்று வைத்துக்கொள்வோம். பொருளின் விலை அங்கே 200. மைய விகிதத்தில் 2,000 ஆகும். மார்க்அப் இல்லாத கார்டில் ஏறக்குறைய அதே தொகைதான். 3.5 சதவீத மார்க்அப் உள்ள கார்டில் 2,070. மைய விகிதத்தைவிட 8 சதவீதம் கூடுதலாக விற்கும் கவுண்டரில் நோட்டாக வாங்கிப்போய்க் கொடுத்தால் 2,160. விமான நிலையக் கவுண்டர்களில் 'கமிஷன் இல்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். லாபம் விகிதத்துக்குள்ளேயே இருக்கும்.

படி 4: மெஷின் கேட்கும் கேள்விக்குச் சரியான பதில்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். கார்டை மெஷினில் வைத்ததும், உள்ளூர் நாணயத்திலா, உங்கள் நாட்டு நாணயத்திலா என்று திரையில் கேட்கலாம். டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்பது இதன் பெயர். நமக்குப் பழகிய நாணயத்தில் தொகை தெரிவதால் விரல் தானாக அந்தப் பக்கம் போகும். அப்படிப் போகவிடாதீர்கள். எப்போதும் உள்ளூர் நாணயம்தான். நம் நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால், கடைக்காரருக்குச் சேவை தரும் நிறுவனம் தன் விகிதத்தைப் போட்டுக்கொள்ளும். அதன் பிறகும், கடை வெளிநாட்டில் இருக்கிறது என்று சொல்லிச் சில வங்கிகள் தனியாகக் கட்டணம் பிடிக்கும்.

ஒருமுறை விடுதியிலிருந்து கிளம்பும்போது, நான் திரையைப் பார்ப்பதற்குள் வரவேற்பில் இருந்தவரே பொத்தானை அழுத்திவிட்டார். சீட்டில் மேலே உள்ளூர்த் தொகை, கீழே என் நாட்டுப் பணம், நடுவில் பொடி எழுத்தில் 'மார்ஜின் 5.5%'. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ரத்து செய்து உள்ளூர் நாணயத்தில் போடச் சொன்னேன். இரண்டே நிமிட வேலை. கேட்கத் தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், உறுப்பு நாடுகளின் நாணயங்களுக்கிடையே மாற்றும்போது, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று காட்டியாக வேண்டும். 2020 ஏப்ரல் முதல் இது விதி.

படி 5: ரொக்கம் வேண்டுமென்றால்

உள்ளூர் வங்கியின் ஏடிஎம்மில் டெபிட் கார்டு போட்டு எடுங்கள். அங்கேயும் அதே கேள்வி வரும். 'டிக்ளைன் கன்வர்ஷன்' அல்லது 'வித்தவுட் கன்வர்ஷன்' என்பதை அழுத்துங்கள். நிராகரித்தாலும் பணம் வரும், கவலை வேண்டாம். ஒவ்வொரு முறைக்கும் நிலையான கட்டணம் இருந்தால், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான் நஷ்டம். 50 கட்டணம் கொடுத்து 2,000 எடுத்தால் 2.5 சதவீதம் போகிறது. 10,000 எடுத்தால் அரை சதவீதம்தான். கிரெடிட் கார்டில் மட்டும் ரொக்கம் எடுக்காதீர்கள். கட்டணம் போக, பெரும்பாலும் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ப்ரீபெய்டு பயணக் கார்டில் விகிதம் பணம் ஏற்றும்போதே முடிவாகிவிடும். செலவைக் கட்டுக்குள் வைக்க நல்லதுதான். ஆனால் மீதிப் பணத்தைத் திரும்ப எடுக்கும் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். விடுதி, வாடகைக் கார் முன்வைப்புக்கு இதைக் கொடுத்தால் பணம் நாள்கணக்கில் முடங்கலாம், சில இடங்களில் வாங்கவே மாட்டார்கள். அதற்கு கிரெடிட் கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: திரும்பி வந்ததும்

ஸ்டேட்மென்ட்டில் பிடித்த தொகையை உள்ளூர்த் தொகையால் வகுங்கள். வருவதுதான் நீங்கள் உண்மையில் கொடுத்த விகிதம். வாங்கிய நாளுக்கும் கணக்கில் ஏறும் நாளுக்கும் இடையே சிறு வித்தியாசம் இருக்கலாம், அது இயல்பு. 5, 6 சதவீதம் தள்ளியிருந்தால் சீட்டை எடுத்துப் பாருங்கள். உங்களைக் கேட்காமலே நாணயத்தை மாற்றியிருந்தால், அந்தச் சீட்டோடு வங்கியில் முறையிடலாம். அதனால் கடைசி ஸ்டேட்மென்ட் வரும்வரை சீட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள்.