விம்மில் காப்பி ரகப் பெயர்கள் தானாக வர

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு கணினியில் உரை எழுத உதவும் விம் எடிட்டரில்தான் கணக்கு எழுதுகிறேன். ‘பிளாண்டேஷன்-ஏ’, ‘செர்ரி-ஏபி’ என்று ரகப் பெயர்களை முழுதாக அடிப்பது எரிச்சல். பாதி அடித்த சொல்லை நிறைவுசெய்யும் கன்ட்ரோல்-என் அழுத்தினாலோ, திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளின் சொற்களும் வரிசைகட்டி வந்தன.

ரகப் பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி, டிக்‌ஷனரி அமைப்பில் அதன் பாதையைக் கொடுத்தேன். சொற்களை எங்கே தேடுவது என்று சொல்லும் கம்ப்ளீட் அமைப்பில் புள்ளியும் கே எழுத்தும் மட்டும்: புள்ளி என்றால் இப்போதைய கோப்பு, கே என்றால் அந்த அகராதி. அப்படியும் ‘பிளாண்டேஷன்’ வரைதான் வந்தது. வழக்கமாக விம் ஹைஃபனைச் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. சரி என்று, எந்தெந்தக் குறிகள் சொல்லில் சேரும் என்று சொல்லும் இஸ்கீவேர்டு அமைப்பில் ஹைஃபனையும் சேர்த்தேன். முழுப் பெயரும் வந்துவிட்டது.

ஒன்று, இனி அடுத்த சொல்லுக்குத் தாவும் டபிள்யூ விசை ஹைஃபனில் நிற்காமல் தாண்டிப்போகும். கணக்குக்கு அதுவே வசதி. நிரல் எழுதுபவர்கள் செட்லோக்கல் கட்டளை கொடுத்து இந்த மாற்றத்தை அந்தக் கோப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.